வெறுங்கால் அளவுகோல்

திண்டுக்கல் பூங்காக்களையும் பாதைகளையும் பேணும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

திண்டுக்கல் நகரத்திலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் குடியிருக்கும் நாங்கள், இவ்வூரின் பூங்காக்களையும் குளக்கரைகளையும் மலையடிவாரத்தையும் பழனிக்குப் போகும் நடைபாதையையும் பேணும் வேலையில் எங்கள் பங்கை இன்று முதல் ஏற்கிறோம். இது மரம் நடும் இயக்கம் இல்லை. நட்ட மரத்துக்குப் பங்குனியிலும் சித்திரையிலும் தண்ணீர் ஊற்றும் இயக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எங்களைக் கூட்டியது.

மரம் நட நம் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. தலைவர் பிறந்தநாள், கல்லூரி ஆண்டு விழா, சங்கத்துப் பதவியேற்பு என்று எதற்கும் நடுகிறோம். குழி முன்பே தோண்டியிருக்கும். ஒரு கன்றை ஐந்தாறு பேர் பிடித்துக்கொள்வார்கள். படம் எடுத்து முடிந்ததும் கை கழுவத் தண்ணீர் வரும். அதில் பாதி கன்றுக்குப் போயிருந்தாலே புண்ணியம். மேற்கே நிற்கும் பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால், நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். அந்த ஈரத்தில் துளிர்த்த கன்று தை வரை தாக்குப்பிடிக்கும். மாசியில் இலை சுருளும். சித்திரையில் கூண்டு மட்டும் நிற்கும், நன்கொடையாளர் பெயர் மங்காமல். ஆகவே ஒரு கன்று மூன்று கோடை தாண்டிய பிறகுதான் அதை எங்கள் கணக்கில் எழுதுவோம். அதுவரை அது வெறும் குழி.

ஒரு பாதை நன்றாக இருக்கிறதா, ஒரு பூங்கா ஒழுங்காக இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? பேவர் பிளாக் பதித்த பரப்பையும் விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கையையும் அறிக்கையில் எழுதலாம். நாங்கள் வேறு அளவுகோல் எடுக்கிறோம். அது வெறுங்கால். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் நம் ஊர் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல்லைத் தொட்டு, அதற்கு மேல் பழனி வரை இன்னும் சுமார் 60 கிலோமீட்டர். வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில்தான் நடப்பார்கள். முக்கால்வாசிப் பேர் காலில் செருப்பு இருக்காது. மாலை போட்ட ஒரு பெண் இருட்டில் கீழே பார்க்காமல் காலை எடுத்து வைக்க முடிந்தால் அது பாதை. முடியாவிட்டால், எத்தனை லட்சம் செலவில் போட்டிருந்தாலும் அது பாதை இல்லை. பூங்காவுக்கும் இதே விதிதான். ஊஞ்சலிலிருந்து குதிக்கும் குழந்தையின் கால் எதன் மேல் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

கீழே குனிந்து பார்த்தால் என்னென்ன கிடக்கிறது? மது பாட்டிலின் கழுத்துப் பகுதி, கடிபட்ட தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலை, புளியோதரை ஒட்டிக் காய்ந்த தட்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகிய டீக் கப்புகள். இந்தக் கப்பைக் காகிதம் என்று நம்பித்தான் பலர் வீசுகிறார்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மட்காது. மழையில் ஊறி வெளிக் காகிதம் கரைந்த பின்னும் பூச்சு மட்டும் பாம்புச் சட்டைபோல மண்ணில் கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 பொருள்களில் இந்தக் கப்பும் உண்டு, தண்ணீர்ப் பாக்கெட்டும் உண்டு. அன்னதானம் செய்கிறவர்களிடம் சட்டம் பேசுவது நமக்குச் சங்கடம். சாமி காரியம் அல்லவா! ஆனாலும் பேசுவோம். சோறு போடுகிற கை பாக்கு மட்டையிலோ வாழை இலையிலோ போடட்டும். பந்தலைப் பிரிக்கும் அன்றே இலையையும் அள்ளட்டும். அள்ள ஆள் போதவில்லை என்றால் நாங்கள் வருகிறோம். இதைவிடப் பணிவாக எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

இந்தச் சீமைக்கு வழிப்போக்கரைப் பேணும் வேலை புதிதல்ல. பழனிச் சாலையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வரிசையாக வருகின்றன. நடந்து வந்தவனுக்குத் திண்ணையும் தண்ணீரும் தந்த இடங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். மதுரைச் சீமையில் சாலை போட்டு, ஓரத்தில் நிழல்மரமும் சத்திரமும் வைத்தவர் என்று ராணி மங்கம்மாளை இன்றும் சொல்கிறோம். நம் மலைக்கோட்டைப் படிகளையும் அவர்தான் அமைத்தார் என்பது ஊர்ப்பேச்சு. குளத்துக்குக் குடிமராமத்து இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, கோடைக்குள் கரையை உயர்த்தி, வாய்க்காலைத் தூர் எடுப்பார்கள்.

ஆனால் அந்தப் பழைய காலத்தைப் பூசை செய்ய நாங்கள் தயாரில்லை. குடிமராமத்தில் மண் சுமந்தது யார், கரையில் நின்று பார்த்தது யார் என்பது நமக்குத் தெரியும். அது தளர்ந்தபோது ஆங்கிலேய அரசு 1858இல் கட்டாய வேலைச் சட்டம் கொண்டு வந்து, வழக்கமான வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலித்தது. ஆக, ஊர்கூடித் தேர் இழுத்த கதையில் வடத்தைத் தொட அனுமதியில்லாதவர்களும் இருந்தார்கள், வடம் பிடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் இயக்கத்தில் கட்டாயம் இல்லை. கரையில் நின்று மேற்பார்வை பார்க்கும் பதவியும் இல்லை. வருகிறவர் குனிவார், குனிய முடியாத வயதினர் பெயர் எழுதுவார், தண்ணீர் மொண்டு தருவார்.

இதோடு சேர்ந்த இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்திருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் நாள்தோறும் செய்யும் வேலையை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிச் செய்தால் கைதட்டுகிறார்கள். அவர்களுக்கு யாரும் தட்டுவதில்லை. எனவே அவர்கள் சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய எந்த வேலையையும் நாங்கள் இலவசமாகச் செய்து, ‘அதான் தன்னார்வலர்கள் இருக்கிறார்களே’ என்று ஓர் ஆளைக் குறைக்க வழி செய்ய மாட்டோம். எங்கள் வேலை அவர்களுக்கு ஒதுக்கப்படாத இடங்களில்: குளக்கரைச் சரிவு, வேலி ஓரம், கன்றுக்குத் தண்ணீர், உடைந்த இருக்கை. நாங்கள் அள்ளும் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நாங்களே பிரித்துத்தான் ஒப்படைப்போம். கலந்த மூட்டையை அவர்கள் முன்னால் போட்டுவிட்டு வீட்டுக்குக் குளிக்கப் போகிறவருக்கு எங்களிடம் இடமில்லை.

வெளியூரில் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தோம். அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைவழி என்று ஒரு நடைபாதை. 1921இல் பென்டன் மெக்காய் என்பவர் முன்வைத்த யோசனை, 1937இல் முழு வழியாக இணைந்தது. 14 மாநிலங்களைக் கடந்து சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. அதன் பராமரிப்பு பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வச் சங்கங்கள் கையில். ஆளுக்கொரு துண்டு. சில மைல் நீளம் இன்னார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். விழுந்த மரத்தை அறுப்பதும், மழைநீர் பாதையை அரிக்காமல் குறுக்கே வடிகால் வெட்டுவதும், மரத்தில் வழிக்குறி தீட்டுவதும் அவர் வேலை. பிரம்மாண்டமான கூட்டுப்பணி என்று எதுவும் இல்லை, தன் துண்டைத் தானே நடந்து பார்க்கிறவர்கள் வரிசையாக இருக்கிறார்கள், அவ்வளவே.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 முதல் ஞாயிறுதோறும் குளத்தில் இறங்குகிறார்கள். பேராவூரணியில் 2018இன் கஜா புயலுக்குப் பிறகு விவசாயிகளும் இளைஞர்களும் சேர்ந்து பெரிய குளத்தைத் தூர் வாரினார்கள். நம் மாவட்டத்திலேயே 1985 முதல் பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் கொடைக்கானல் காடுகளுக்காக நிற்கிறது. 1947இல் சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே படித்த எத்தனையோ பேர் சிரமதானத்தில் மண் சுமந்து, சாந்தி சேனையில் பயிற்சி பெற்று வந்தவர்கள். அவர்களில் பலர் இப்போது தாத்தா பாட்டிகள். அவர்களை வீட்டுக்கே போய் அழைக்கப் போகிறோம்.

பழனி நடைபாதையை நாங்கள் அந்த அமெரிக்க முறையில்தான் பங்கு பிரிக்கிறோம். திண்டுக்கல் எல்லையிலிருந்து ஆயக்குடி வரை, சாலையோர ஊர், டீக்கடை, மில், பள்ளிக்கூடம் எதுவானாலும் தன் வாசலைத் தொடும் துண்டை எடுத்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு முறை, பங்குனி உத்திரத்துக்குப் பின்னால் ஒரு முறை, நடுவில் மாதம் ஒரு முறை நடந்து பார்த்தால் போதும். சாலை அகலப்படுத்தியபோது போன புளியமரங்களுக்கு ஈடாக, அந்தந்தத் துண்டில் நிழல் வளர்ப்பதும் அந்தத் துண்டின் கடமை. விருப்பாட்சிக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்க் கோபால் நாயக்கர் 1801இல் வெள்ளையரால் தூக்கிலிடப்பட்டவர். அவர் பெயரைச் சொல்லி எங்களிடம் முதல் துண்டைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இனி நகருக்குள் வருவோம். 1866இல் நகராட்சி ஆகி 2014இல் மாநகராட்சி ஆன ஊர் இது. சுமார் 14 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்கெடுப்பின்படி 2,07,327 பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 15,000 பேர். இப்படி நெருக்கி வாழும் ஊரில் காலியிடம் என்பது தங்கம். அந்தத் தங்கத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிறது, அல்லது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் ‘பூங்கா’ என்று போட்டிருப்பதைக் காட்டித்தான் மனையை விற்கிறார்கள். பதினைந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தப் பச்சையில் ஜல்லிக் குவியல், மாட்டுக்கொட்டகை, சில இடங்களில் ஒரு சிறு கோவில். கோவிலை யாரும் அசைக்க முடியாது என்பது கட்டியவருக்கும் தெரியும்.

முதல் வருடத்தில் எங்கள் பெரிய வேலை இதுவாகவே இருக்கும். மண்வெட்டி வேலையைவிடக் காகித வேலை. நகருக்குள்ளும், விரிந்துகொண்டே போகும் சீலப்பாடி, பாலகிருஷ்ணாபுரம், அடியனூத்து, செட்டிநாயக்கன்பட்டிப் பக்கமும் எந்தெந்த மனைப்பிரிவில் பூங்கா இடம் ஒதுக்கப்பட்டது, தானப்பத்திரம் பதிவானதா, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று தெருத்தெருவாகப் பட்டியல் எடுப்போம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். பூங்காவும் விளையாட்டிடமும் நகராட்சிகளின் பொறுப்பு என்று 1992இன் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் 12ஆவது அட்டவணையில் எழுதியிருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. கிராமசபைக்கு ஈடாக நகரத்தானுக்குக் கிடைத்த மேடை அது. நம்மில் எத்தனை பேர் போனோம்? நம் மாநகராட்சியின் 48 வார்டுகளிலும் பகுதி சபைக்குக் குறைந்தது ஒருவர் பூங்காக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று தீர்மானிக்கிறோம். ‘மாநகராட்சி இருக்கே, நீங்க எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: மாநகராட்சிக்கு ஞாபகப்படுத்தத்தான்.

அடுத்து, பூட்டு. உலகத்துக்கே பூட்டுச் செய்து தந்த ஊர் என்பதற்காகப் பூங்காவை இத்தனை நேரம் பூட்டி வைக்க வேண்டியதில்லை. காலை 9 மணிக்கு மூடி மாலை 4 மணிக்குத் திறக்கும் பூங்கா, நடைப்பயிற்சிக்கு வரும் எங்களைப் போன்றவர்களுக்கு வசதி. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும், மதியம் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் நிழல் தேவைப்படும் நேரம் அதுவல்லவே. குடிகாரர்கள் நுழைவார்கள் என்று காரணம் சொல்வார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் அவர்கள் உட்காருவதில்லை என்பது எங்கள் அனுபவம். சாவியில் ஒன்று அந்தந்தத் தெருக் குழுவிடம் இருக்கட்டும், திறப்பதற்கும் அடைப்பதற்கும் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்கப் போகிறோம். நாகல் நகரிலும் பிற இடங்களிலும் இன்னும் கையால் பூட்டுச் செய்யும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பூங்காக் கதவின் கீலை நிமிர்த்தவும், ஊஞ்சல் சங்கிலியை மாற்றவும் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த ஒப்பந்ததாரருக்கும் தெரியாது. அவர்கள் வேலைக்குக் கூலி உண்டு. தொழில் தெரிந்தவரிடம் இலவசமாக வாங்குவது தன்னார்வம் ஆகாது.

மலைக்கோட்டை விஷயத்தில் நாங்கள் அடக்கி வாசிப்போம். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி ஒரு கடப்பாரைக் குத்துக்கூடப் போடக்கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானமும் கூடாது. ஆகவே பாறையில் மரம் நட மாட்டோம், சுவரில் வண்ணம் அடிக்க மாட்டோம், பலகை வைக்க மாட்டோம். பாறையில் காதலர் பெயர் எழுதுவதைத் தடுக்கவும், அடிவாரத்தில் குப்பை அள்ளவும் துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்போம். கீழே கோபாலசமுத்திரம் குளக்கரை, கிரிவலம் வரும் பாதை, அபிராமியம்மன் கோவில் தெரு, பேகம்பூர்ப் பள்ளிவாசல் பக்கம், புனித சூசையப்பர் தேவாலயம் பக்கம் ஆகியவற்றை அந்தந்தப் பகுதி ஆட்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மலை எல்லாருக்கும் பொது. அதன் மேல் யார் கொடி என்ற வழக்கில் இந்த இயக்கம் எந்தப் பக்கமும் சேராது. சேர விரும்புகிறவர் எங்களை விட்டு விலகிச் சேரலாம்.

சிறுமலை விஷயத்திலும் இப்படித்தான். வார இறுதியில் மலை ஏறிக் ‘காட்டைச் சுத்தம் செய்கிறோம்’ என்று காப்புக்காட்டுக்குள் புகுவது வனத்துறை அனுமதியில்லாமல் குற்றம். அனுமதி இருந்தாலும் ஐம்பது பேர் கூட்டமாகப் போனால் காட்டுக்கு அது உபத்திரவம். வளைவுகளில் ஜன்னல் வழியாக விழும் பொட்டலங்களை அள்ளுவதோடு நிறுத்திக்கொள்வோம். வடக்கே அய்யலூர்ப் பக்கம், 2022இல் அறிவித்த கடவூர் தேவாங்கு சரணாலயம் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரந்திருக்கிறது. தேவாங்கு தரையில் இறங்க அஞ்சும் பிராணி, கிளை விட்டுக் கிளைதான் போகும். அந்தப் பக்கத்து ஊர்களில் எங்கள் வேலை, தோட்டத்து ஓரக் கிளுவை வேலியை வெட்டிக் கம்பி வேலி போடாதீர்கள் என்று சொல்வது. எங்கள் பூங்காக்களிலும் முடிந்தவரை உயிர்வேலியே வைப்போம்.

எதை நடுவது? வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை. நீர் தேங்கும் இடத்தில் நீர்மருது. குளக்கரையில் பனை. அழகுக்காக வாங்கி வரும் வெளிநாட்டுச் செடி வேண்டாம். பனைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூண்டு வேண்டாம், ஆடு கடிக்காது. ஆவணியில் கொட்டையைப் புதைத்தால் மழைக்கு முளை கீழ்நோக்கித்தான் போகும், மேலே ஒன்றும் தெரியாது. போட்டோக்காரர்களுக்குப் பனை பிடிக்காமல் போனதற்கு அது காரணமாக இருக்கலாம். அதற்கு ஒரே எதிரி மனிதன்: பொங்கல் நெருங்கும்போது கிழங்கைத் தோண்டித் தின்றுவிடுவோம். தின்பதற்கென்று தனியாக ஒரு வரிசை போட்டுவிடலாம் என்று ஓர் அக்கா சொன்னார். ஒருமனதாக ஏற்கப்பட்டது.

சீமைக்கருவேலத்தைப் பிடுங்குவதில் ஒரு பக்குவம் உண்டு. தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒன்று ஐந்தாகக் கிளைக்கும். வேரோடு எடுக்க வேண்டும். பெரிய மரத்துக்கு ஜேசிபி வேண்டும், அதற்கு உரிய துறையின் அனுமதியும் வேண்டும். ஆனால் மழை ஓய்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் போனால், முழங்கால் உயரக் கன்றுகள் ஈர மண்ணிலிருந்து கையோடு வந்துவிடும். அடித்தண்டைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் அறுந்து வேர் உள்ளே தங்கிவிடும். முள் ஹவாய் செருப்பைத் துளைத்து வரும் என்பதால் இந்த வேலைக்கு ஷூ அவசியம். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் மாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு வந்து மீண்டும் முளைக்கும். அதே வாரம் அங்கே வேறொன்று நட்டாக வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த நிலங்களில் எது பிழைக்கும் என்பதை விவசாயிகளிடமும் காந்திகிராமத்து ஆசிரியர்களிடமும் கேட்டுத்தான் முடிவு செய்வோம். திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் கழிவு பற்றி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மண்ணிலிருந்து உப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

பணம் பற்றி. ரொக்கமாக நன்கொடை வாங்க மாட்டோம். மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு, குடம், லாரித் தண்ணீர் என்று பொருளாகவும், பூட்டுக்காரர் கூலிபோல நேரே தொழிலாளியிடம் கொடுப்பதாகவும் மட்டும். கொடுத்தவர் பெயர் நோட்டில் இருக்கும், கூண்டில் இருக்காது. கட்சிக்காரர்கள் வரலாம், கரைவேட்டியோடும் வரலாம், மண் ஒட்டினால் சலவைச் செலவு அவர்களுடையது. இந்த இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பலகை வேண்டும், பலகைக்கு ஆணி வேண்டும், ஆணியை எங்கே அடிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். மரங்களில் அடித்திருக்கும் ஆணிகளைப் பிடுங்குவதும் எங்கள் வேலைகளில் ஒன்று.

முதல் வேலை வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு, கோபாலசமுத்திரம் கரையில். கரையோரக் குப்பையை அள்ளுவது மட்டுமே. அதற்கு அடுத்த ஞாயிறும் அதே இடம்தான், மூன்றாவது ஞாயிறும் அதே இடம். எட்டரைக்கு முடித்துவிடுவோம், வெயில் ஏறினால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரோடு வரலாம், கண்ணாடி பொறுக்கும் பக்கம் அவர்களுக்கு அனுமதி இல்லை. முழுக்கைச் சட்டை, ஷூ, தொப்பி அல்லது துண்டு. கையுறை இல்லாதவருக்கு நாங்கள் தருவோம். டீ உண்டு, தம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும்.